பல் சேராத பதினெட்டு நாட்கள்

யு-டர்ன் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஓசூர் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் முறையாக நுழைய வேண்டுமென்றால் சிக்னல்வரை போய்த் திரும்பி வர வேண்டும். சாயங்கால நெரிசலில் அதற்குப் பத்து நிமிஷம். ஓரமாக எதிர்த்திசையில் போனால் ஒரே நிமிஷம். பொம்மனஹள்ளியில் நான் குடியிருக்கும் பதினாலு வருஷத்தில் அந்த யு-டர்னை நான் எடுத்ததே இல்லை. 'எனக்குத் தெரியாத சந்துபொந்தா' என்று அதில் ஒரு பெருமை வேறு. வெட்கக்கேடு.

அன்றைக்கும் அப்படித்தான் எதிர்த்திசையில் வண்டியை விட்டேன். பின்னால் என் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். சர்டிஃபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு கால் சென்டரில், தமிழ்நாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை. ஃபோனிலேயே இன்டர்வியூ வைத்து, ஃபோனிலேயே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ஆறு வருஷத்தில், நான் நடுவில் நுழையாமல் அவளே பேசி வாங்கிய முதல் காரியம் அது. சர்டிஃபிகேட் ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தலையில் அரை ஹெல்மெட். காதுக்கு மேலேயே நின்றுவிடும், தாடைக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. போலீஸ்காரர் கண்ணுக்கு ஹெல்மெட் மாதிரித் தெரிந்தால் போதும் என்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

தன் பக்கத்தில் ஒழுங்காக வந்த ஒரு டெலிவரிக்காரரின் பைக் எதிரில் முளைத்தது. பிரேக்கை அழுத்தினேன். நான் விழவில்லை, காலை ஊன்றி நின்றுவிட்டேன். அவள் விழுந்தாள். ஃபைலைப் பிடித்திருந்த கையை எடுத்து ஊன்ற அவளுக்கு நேரமில்லை. முகவாய் நேராக நடைபாதைக் கல்லின் விளிம்பில் போய் இடித்தது. டெலிவரிக்காரர் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தார். நான் அந்த நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தேன். ராங் சைடில் நிற்கும் வண்டியை யாராவது ஃபோட்டோ எடுத்துவிடுவார்கள் என்று பயம். முதலில் அவளைப் பார்த்தேன் என்று எழுதத்தான் ஆசை. முதலில் வண்டியைத்தான் பார்த்தேன்.

ஆட்டோவில் போகும்போது அவள் துப்பட்டாவைச் சுருட்டி முகவாய்க்கு அடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். ரத்தம் அதில் ஊறிக்கொண்டிருந்தது. நான் அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"யாராச்சும் கேட்டா மாடிப்படியில வழுக்கிட்டேன்னு சொல்லு, என்ன? வண்டின்னு வாயத் தொறந்தா போலீஸ் கேஸ்னு எழுதிடுவாங்க. அப்புறம் ஸ்டேஷனுக்கு அலையணும். ராங் சைடு வேற. நீ எதுவும் பேசாத. நான் பேசிக்கிறேன்."

தலையாட்டினாள்.

'நான் பேசிக்கிறேன்.' எங்கள் வீட்டில் அதிகமாகப் புழங்கிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். கேஸ் ஏஜென்சியில், பேங்கில், வீட்டு ஓனரிடம், எங்கே போனாலும் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன். கார்மென்ட் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கன்னடம், இந்தி, கொஞ்சம் உருது என்று எல்லாவற்றையும் கலந்து அடிப்பேன். அவளிடம், "இங்க உன் தமிழ எடுத்துக்கிட்டுப் போனா ஒருத்தனும் மதிக்க மாட்டான்" என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் ஏரியாவில் காய்கறிக்காரரிலிருந்து மெடிக்கல் ஷாப் வரைக்கும் பாதிப்பேர் தமிழில் பேசுகிறவர்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும்.

பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. முகவாய்க்கு அடியில் நீளமாகக் கிழிந்திருந்தது. அவளைப் படுக்கவைத்து, நடுவில் ஓட்டை போட்ட பச்சைத் துணியை முகத்தின் மேல் போர்த்தி, மரத்துப்போக ஊசி போட்டார். அதற்கு முன்பே அவள் ஒரு கடைவாய்ப் பல்லின் சில்லைக் கையில் துப்பியிருந்தாள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். மாடிப்படி, ஈரம், செருப்பு என்று கன்னடத்தில் கதையை அவிழ்த்துவிட்டேன். கதைக்கு நடுவில் ஒரு வாளித் தண்ணீரைக்கூடக் கொண்டுவந்து வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து தையல் போட்டு முடித்து, டாக்டர் துணியை எடுப்பதற்கு முன்னால் அவள் பக்கம் குனிந்து கேட்டார். "கச்சிதரெ ஹல்லு சரியாகி கூடுத்தா?" கடித்தால் பல் சரியாகச் சேருகிறதா என்று.

கேட்டது அவளை. பதில் சொன்னது நான். "கூடுத்தெ சார், ஏனூ தொந்தரெ இல்ல." சேருகிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவசரத்தில் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சேரவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவார், அங்கே ஸ்கேன் என்பார்கள், நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள், மாடிப்படிக் கதை கிழிந்துவிடும். இந்தக் கணக்கு மொத்தமும் அந்த அரை விநாடியில் என் மண்டையில் ஓடியது. சேருதா என்று அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டாவது பொய் சொல்லியிருக்கலாம். கேட்கவேயில்லை. டாக்டரும் நம்பிவிட்டார். கடிப்பதில் சிரமம் வந்தால் உடனே பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் துணிக்கு அடியில் கிடந்தாள், வாய் மரத்திருந்தது, கேள்வி கன்னடத்தில் இருந்தது. அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று நினைத்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, பல்லு சேரமாட்டேங்குது."

"வீக்கம்மா. வத்தினா சேந்துக்கும்."

மூன்றாம் நாளும் சொன்னாள். ஐந்தாம் நாள், இரண்டு காதுக்கும் முன்னால் வலிக்கிறது என்றாள். காது வலி என்று முடிவு கட்டி மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிவந்து, அவளைச் சாய்த்துப் படுக்கவைத்து நானே ஊற்றினேன். பொறுப்பான புருஷன்! தாடை உடைந்தவளுக்குக் காதில் மருந்து ஊற்றிய ஆள் இந்த பெங்களூரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தையல் பிரித்தார்கள். வீக்கம் வற்றியது. பல் சேரவில்லை. இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்தாள். பன்னை டீயில் ஊறவைத்து நாக்காலேயே நசுக்கி விழுங்கினாள். நான் ஃபேக்டரியிலிருந்து வரும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சல் வந்தது. குற்றம் செய்தவனுக்குத்தான் எரிச்சல் அதிகமாக வரும்போல.

"நாளெல்லாம் கண்ணாடிய பாத்துக்கிட்டிருந்தா எல்லாம் கோணலாத்தான்டி தெரியும். வேலைக்குப் போற நேரத்துல இத ஒரு சாக்கா வெச்சுக்காத" என்றேன். வேலைக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொன்னேன். எழுதும்போதே கை கூசுகிறது.

பதினாறாம் நாள் சாயங்காலம் மளிகைக்கடை பில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அந்தக் காகிதத்தை முன்பற்களுக்கு நடுவில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கடித்தாள். பிறகு இரண்டு விரலால் காகிதத்தை இழுத்தாள். ஒரு பல் தடம்கூட இல்லாமல் சுலபமாக வெளியே வந்தது. பின்பல் மட்டும்தான் முட்டிக்கொண்டிருந்தது. முன்னால் ஜன்னல் திறந்த மாதிரி இடைவெளி.

"இப்பவாச்சும் தெரியுதா?"

தெரிந்தது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "நீ சரியா கடிக்கல." அவள் அந்த பில்லைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு என்னிடம் பல்லைப் பற்றிப் பேசவே இல்லை.

பதினெட்டாம் நாள் மத்தியானம் ஃபேக்டரிக்கு அவளிடமிருந்து ஃபோன் வந்தது. பஸ் ஏறித் தனியாக ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கவுன்டரில் தமிழில் கேட்டிருக்கிறாள். அங்கிருந்த அம்மா தமிழிலேயே பதில் சொல்லி, சீட்டுப் போட்டு, வரிசையில் உட்காரவும் வைத்திருக்கிறார். முகத்தைச் சுற்றி ஒரு மெஷின் சுற்றி எக்ஸ்ரே எடுத்தார்களாம். நாளைக்கு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம்.

"யாரக் கேட்டுப் போன?" என்று கத்தினேன்.

"பல்லக் கேட்டுட்டுப் போனேன்" என்றாள். பாதி திறந்த வாயால் சொன்னாலும் ஒவ்வொரு எழுத்தும் என் காதில் அறைந்த மாதிரி விழுந்தது.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை டாக்டரம்மாவைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும். நர்ஸிடம் கன்னடத்தில் பேசியவர், எங்களிடம் நல்ல தமிழில் பேசினார். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் மாட்டி, தன் முகத்தையே தொட்டுக்காட்டி அவளுக்கு விளக்கினார்.

"முகவாய்ல அடிபட்டா நாம முகவாயத்தான் பாப்போம். ஆனா அந்த வேகம் எலும்பு வழியா மேல ஏறிப் போகும். இதோ, காதுக்கு முன்னாடி, தாடை மண்டையோட சேர்ற இடம். அங்க கழுத்து மாதிரி ஒடுங்கி இருக்கும். அங்கதான் ஒடியும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒடிஞ்சிருக்கு. அதனால தாடை பின்னால இறங்கிடுச்சு. பின்பல்லு முதல்ல முட்டுது, முன்பல்லு தொறந்தே நிக்குது. இதுக்கு ஸ்கேன்கூட வேண்டாம், பல்லு சேரலன்னு ஒரு வார்த்தை சொன்னாலே எங்களுக்குப் பாதி தெரிஞ்சிடும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி விழுந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "மாடிப்படியில வழுக்கிட்டேன் மேடம்" என்றாள்.

"படியில விழுந்தா கை தானா ஊனும். கை, மணிக்கட்டு, முட்டி எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்ல மேடம்."

"முகத்துல மட்டும்தானா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கதவைச் சாத்தியதும் உள்ளே தாழ் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவளை அடித்திருக்கிறேன் என்று அந்த அம்மா நினைக்கிறார்.

என் வாழ்க்கையில் நான் அவள்மேல் கை ஓங்கியதில்லை. அந்த ரோஷம் எனக்குள் பொத்துக்கொண்டு வந்தது, கதவைத் தட்டி 'என்ன மேடம் நினைச்சிக்கிட்டிருக்கீங்க' என்று கேட்கலாம் என்றுகூட எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். என்ன சொல்லிக் கேட்பது? அந்தக் கதையைக் கட்டினவனே நான்தான். அதில் வில்லன் வேஷம் காலியாக இருந்தது, நானே போய் உட்கார்ந்துகொண்டேன். வராந்தா பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் ஆட்கள், எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்ட மாதிரி கூசியது. அதைவிடக் கேவலம், அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்திலும் என் மனசு 'இவங்க போலீஸுக்குச் சொல்லிடுவாங்களோ' என்றுதான் அடித்துக்கொண்டது. உள்ளே அவள் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள், எப்படி இருப்பாள் என்று அது போகவில்லை.

கதவு திறந்தது. உள்ளே போனதும் நானே சொல்லிவிட்டேன். வண்டி, ராங் சைடு, பயம், எல்லாம். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"இத முதல் நாளே சொல்லியிருந்தா வண்டியில விழுந்தவங்கன்னு அப்பவே தாடைய படம் எடுத்திருப்பாங்க. இப்போ எலும்பு அது இஷ்டத்துக்கு ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு. பாக்கலாம்" என்றார். அதன்பிறகு அவர் பேசியது எல்லாமே அவளிடம்தான்.

வண்டி என்று சொன்னேன், ராங் சைடு என்று சொன்னேன். பல் சேருகிறது என்று அந்த டியூட்டி டாக்டரிடம் நான் சொன்ன பதிலை மட்டும் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாதே, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மேல்பல் வரிசையிலும் கீழ்பல் வரிசையிலும் கம்பிப் பட்டை வைத்துக் கட்டி, இரண்டையும் சின்னச் சின்ன ரப்பர் வளையங்களால் இழுத்துப் பூட்டினார்கள். இரண்டு வாரம் வாயைத் திறக்கவே முடியாது. ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், மிக்ஸியில் அடித்து வடிகட்டிய இட்லி, எல்லாம் கன்னத்தின் ஓரமாக உறிஞ்சித்தான் உள்ளே போக வேண்டும். வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும், உடனே ரப்பரை வெட்ட வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் கத்தரிக்கோல் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் இருந்த நேரமெல்லாம் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சமைத்தேன், பாத்திரம் தேய்த்தேன். அவள் நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்த்தேன் என்பதுதான் கேவலம்.

ஒன்றாம் தேதி வந்தது, போனது. கம்பெனிக்கு நான் ஃபோன் செய்து பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவளே மெயில் அடித்தாள். இந்த பேட்ச் முடிந்துவிட்டது, சரியானதும் மறுபடி கூப்பிடுங்கள் என்று பதில் வந்தது.

ரப்பரைத் தளர்த்தியபிறகு பயிற்சி. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகி வாயை விரிக்க வேண்டும், சில நாளுக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் செய்வாள். விட்டுவிடு என்று நான் சொன்னாலும் நிறுத்த மாட்டாள். வாய் ஓரளவு திறந்தது, சோறு மென்றாள். கம்பியைக் கழற்றினார்கள். அவள் முதலில் செய்த காரியம், அந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டது. நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'சார்' என்று சொல்லும்போதெல்லாம் முன்பல் இடுக்கில் காற்று புஸ்ஸென்று வந்தது. மூன்று நிமிஷம் பேசினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். சொல்லி அனுப்பவில்லை.

போன வாரம் கடைசியாக செக்கப்புக்குப் போனோம். வண்டியில் அவள் இப்போது ஏறுவதில்லை, பஸ்ஸில்தான் போனோம். டாக்டர் மெல்லிய கலர்க் காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். பின்பல்லில் எல்லாம் நீலப்புள்ளி விழுந்தது. முன்பற்கள் நாலும் வெள்ளையாகவே இருந்தன. முன்னைவிட இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் இனி தானாகச் சேராது என்றார். வேண்டுமென்றால் ஒரு வருஷம் கழித்துத் தாடையை வெட்டி நகர்த்தி வைக்கும் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றார்.

"முதல் நாளே தெரிஞ்சிருந்தா சேந்திருக்குமா மேடம்?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உறுதியா சொல்ல முடியாது. நல்ல வாய்ப்பு இருந்துச்சு" என்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தோம். எனக்கு ரொம்ப நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு என்னை வெளிய அனுப்பிட்டு டாக்டரம்மா என்ன கேட்டாங்க?"

"உங்க வீட்டுக்காரர் அடிச்சாரான்னு கேட்டாங்க. இல்லன்னேன். நம்பல. பயப்படாம சொல்லுங்கன்னாங்க. அப்பவும் இல்லன்னேன்."

"அப்புறம்?"

"அப்ப ஏன் இத்தன நாள் கழிச்சு வந்தீங்க, பல்லு சேருதான்னு முதல் நாளே டாக்டர் கேக்கலையான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஞாபகம் இல்லன்னு சொன்னேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஹல்லு கூடுத்தான்னு அவர் கேட்டது எனக்குப் புரியாதாங்க? நான் இல்லன்னு தலையாட்டறதுக்குள்ள நீங்க 'கூடுத்தெ'ன்னுட்டீங்க. அத நீங்களா என்கிட்ட சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு மாசம் ஆகுது."